பிள்ளையில்லாத வீட்டுச் சம்பந்தி

பயந்துக்காதீங்க தம்பி, பூனைக்குட்டிதானுங்க. கூடை மேல துண்டு போட்டுக் கட்டியிருக்கறேன், வெளிய வராது. அதுக்கு பஸ்ஸுச் சத்தம் புதுசு, அதுதான் கத்துது. இந்தாங்க, ஜன்னல் பக்கமாத் தள்ளி வெச்சுக்கறேன். நீங்க நல்லாக் காலை நீட்டி உக்காருங்க.

கோயமுத்தூர் வரைக்குமுங்களா? நல்லதாப் போச்சு. நானும் அங்கதானுங்க, பீளமேடு. கோபியில மச்சினன் ஊடு. காத்தால போனேன், இப்பத் திரும்பறேன். இந்தக் குட்டியை அங்க குடுத்துப்போட்டு, ஆளைக் கூட்டிக்கிட்டு வரலாமுன்னுதான் போனது. ஆளுன்னா என்ற சம்சாரமுங்க, வசந்தாமணி. ஆடி மாசத்துல இருந்து தம்பி ஊட்டுலதான் இருக்கறா. குட்டியைத்தான் திருப்பிக் கொண்டு போறேன்.

நீங்க ஞாயித்துக்கிழமை பேப்பர் பாப்பீங்களா? இணைப்புல கடைசிப் பக்கம், குறுக்கெழுத்துக்கு மேல, நாலு கட்டத்துல ஒரு பூனைப் படம் வருமே. வெள்ளைப் பூனை, ஒரு காது மட்டும் கருப்பு. ‘பிள்ளையில்லாத வீட்டுச் சம்பந்தி’. பாத்திருக்கறீங்களா? நினைச்சேன், மூஞ்சியிலயே சிரிப்பு வருதே. அது நான் போடறதுதானுங்க. கீழ மூலையில நாச்சின்னு சின்னதா இருக்கும். நாச்சிமுத்துவைத்தான் சுருக்கிப் போட்டுக்கிட்டேன். கையெல்லாம் குடுக்கறீங்க, சந்தோசமுங்க.

படம் வரையப் படிச்ச ஆளெல்லாம் இல்லீங்க நான். பம்புசெட் கம்பெனியில டிராஃப்ட்ஸ்மேன். மோட்டாரை ரெண்டாப் பொளந்தா உள்ள எப்படி இருக்குமோ அப்படிக் கோடு போடறது, அளவு போடறது. ரிட்டையர் ஆகற வரைக்கும் மனுசன் மூஞ்சி ஒண்ணு வரைஞ்சதில்லை. உத்துப் பாத்தீங்கன்னா தெரியும், என்ற படத்துல பூனைக்குத்தான் மூஞ்சி இருக்கும். ஊட்டுக்கார அம்மாளுக்கு முதுகுதான். அடுப்பைப் பாத்தோ, தண்ணித்தொட்டியைப் பாத்தோ நிக்கற மாதிரி. ஆசிரியரே ஒருக்கா கேட்டாரு, அந்தம்மா மூஞ்சியை ஒரு வாரமாவது காட்டுங்களேன்னு. எனக்கு வரலீங்க. நான் பாத்ததெல்லாம் முதுகு, கைக்கு வந்ததும் அதுதான்.

முதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்கு வெளங்கும். எங்களுக்குக் குழந்தை இல்லீங்க. டாக்டரு, கோயிலு எல்லாம் பாத்தாச்சு, அது கெடக்கட்டும். மச்சினன் அர்த்தநாரிக்கு ரெண்டாவதும் பொண்ணாப் பொறந்துச்சு. அந்தப் பிள்ளையை நாம எடுத்து வளத்தலாமுங்களான்னு கேட்டா வசந்தாமணி. தம்பிகிட்டயும் பேசிட்டேன், அவன் சம்சாரமும் சேரீன்னுட்டா, நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுன்னா. நான் ஒண்ணும் சொல்லலீங்க. வேண்டாமுன்னு சொல்லியிருந்தா என்ற மேல கோவப்படறதுல ஞாயம் இருக்குது. நான் அப்படிச் சொல்லவே இல்லையே. ரோசனை பண்ணிக்கிட்டு இருந்தேன். சோறு போடயில கேப்பா, தலையை ஆட்டுவேன். துணி மடிக்கயில கேப்பா, பாக்கலாமுன்னு எந்திரிச்சுப் போயிருவேன். நான் ரோசனை பண்ணி முடிக்கறதுக்குள்ள அந்தப் பிள்ளை எட்டு வெச்சு நடந்து, பெத்தவளை அம்மான்னு கூப்பிட்டுருச்சு. பொறவு எங்கிருந்து குடுக்கறது. அதோட எங்கூடப் பேச்சை நிறுத்திப் போட்டா. பாருங்க தம்பி, ஒண்ணுமே சொல்லாத ஆளு மேல கோவம்.

சண்டை போட்டுக்கிட்டு இருந்தமுன்னு நினைக்காதீங்க. வேளாவேளைக்குச் சோறு வரும். தட்டு டொக்குன்னு உக்காந்துச்சுன்னா சாப்பிட வான்னு அர்த்தம். சட்டை தேச்சு ஆணியில தொங்குச்சுன்னா நாளைக்கு ஒரு கல்யாணம் இருக்குதுன்னு அர்த்தம். ஏதாவது சொல்லியே தீரோணுமுன்னா காலண்டரைப் பாத்துச் சொல்லுவா. கேஸ் தீந்து போச்சு, அப்படீன்னு காலண்டர்கிட்ட. நானும் காலண்டரைப் பாத்து உம்முன்னுவேன். பழகிப் போச்சுங்க. வருசம் ஓடிருச்சு.

அப்பத்தான் அந்தப் பூனை வந்துச்சு.

நல்ல மழை. நான் கம்பெனிக்குப் போகாம ஊட்டுலயே உக்காந்திருந்தேன். பின்னால கதவு வழியா ஒரு வெள்ளைப் பூனை நேரா உள்ள வந்து, கூடத்துல இருந்த நல்ல சேராப் பாத்து ஏறி உக்காந்துக்கிச்சு. வசந்தாமணி கிண்ணத்துல பால் கொண்டாந்து வெச்சா. மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. வேண்டாமுன்னா போயிரோணுமில்லீங்களா, போகவும் இல்லை. கொஞ்ச நேரம் அதையே பாத்துக்கிட்டு நின்னா. அப்பறம் சொன்னா, "வாங்க சம்பந்தி. பால் தண்ணியாட்டம் இருக்குதுங்களா? என்ன பண்றது, பொண்ணு குடுத்த ஊடு, நீங்கதான் கொஞ்சம் பொறுத்துக்கோணும்."

எனக்குச் சிரிப்புத் தாங்கலீங்க. சம்பந்தி ஊட்டுக்காரங்க வந்தா அப்படித்தான உக்காருவாங்க, அப்படித்தான குத்தம் கண்டுபிடிப்பாங்க. சமையக்கட்டுக்குத் திரும்பிப் போயிக்கிட்டே அவ இன்னும் ஒண்ணு சொன்னா. "எங்குளுக்குப் பிள்ளையும் இல்லை, சம்பந்தின்னு ஒருத்தர் இந்த வாசப்படி ஏறப் போறதும் இல்லை. நீங்களாவது வந்தீங்களே."

நான் என்ன பண்ணுனேன்னா, பேப்பருக்குப் பின்னால மூஞ்சியை மறைச்சுக்கிட்டு, மூக்கால ஒரு குரல் குடுத்தேன். "பொண்ணு எங்கீங்க? பொண்ணைக் காட்டாம பாலைக் காட்டறீங்க?" அப்படீன்னு பூனை பேசற மாதிரி. சமையக்கட்டுல கரண்டிச் சத்தம் நின்னு போச்சு. அப்பறம் சிரிச்சா பாருங்க. எத்தனையோ வருசம் கழிச்சு அந்த ஊட்டுல சிரிப்புச் சத்தம் கேட்டுது. அதை நான் இன்னும் மறக்கலீங்க. இப்பச் சொன்னாலும் மேலு சிலிர்க்குது.

அன்னைக்குப் புடிச்சதுதான் வழக்கம். அவ பூனைகிட்ட சொல்லுவா, நான் பூனையா இருந்து பதில் சொல்லுவேன். வெளியாள் பாத்தா பைத்தியக்கார ஊடுன்னு நினைப்பாங்க. ஆனா எங்களுக்கு அது போதுமா இருந்துச்சு. பூனைக்கு எத்தனை மரியாதைங்கறீங்க. "சம்பந்தி, எந்திரிச்சிட்டீங்களா? சம்பந்தி, மழை வாராப்ல இருக்குது, துணியை எடுக்கச் சொல்லுங்க." ஒருக்கா அவளுக்குக் காய்ச்சல். நான் காப்பி போட்டுக் கொண்டு போயி வெச்சுட்டு, மூக்கால சொன்னேன், "காப்பி போட்ட ஆளு புதுசுங்க, சக்கரைன்னு நினைச்சு உப்பைப் போட்டிருந்தாலும் போட்டிருப்பாரு, சூதானமாக் குடிங்க." படுத்த வாக்குலயே சிரிச்சா, கண்ணுல தண்ணி ஓடுச்சு. நெத்தியைத் தொட்டுப் பாக்கலாமுன்னு கூட கை போச்சு. பூனை குறுக்க வந்து படுத்துக்கிச்சு, அதோட விட்டுட்டேன்.

ரிட்டையர் ஆயி ஊட்டுல உக்காந்தப்பத்தான் இந்தப் படம் போடற ரோசனை. பேப்பர்ல சிரிப்புப் படப் போட்டின்னு போட்டிருந்தாங்க. பழைய டிராயிங் சீட்டுக்குப் பின்னால நாலு கட்டம் போட்டேன். முதல் நாள் அவ பேசின அதே பேச்சு, நான் பேசின அதே பதில், ஒரு எழுத்து மாத்தலை. தலைப்பு என்னன்னு கேட்டாங்க. பிள்ளையில்லாத ஊட்டுச் சம்பந்தின்னு எழுதிக் குடுத்தேன். ஊட்டுங்கறதை வீட்டுன்னு திருத்திக்கிட்டாங்க, மத்தபடி அப்படியே. ஆசிரியரு போன்ல சிரிச்ச சிரிப்புல எனக்குக் காது வலிச்சுது. தலைப்புலயே பாதி சிரிப்பு வந்துருதுங்க, வாராவாரம் குடுங்கன்னாரு.

ஊட்டுல சொல்லலை. பேப்பர்ல வந்ததும் காட்டி ஆச்சரியப்படுத்தோணுமுன்னு இருந்தேன். அந்த ஞாயித்துக்கிழமை, பக்கத்தை மடிச்சு அடுப்பு மேடையில அவ கண்ணுல படறாப்ல வெச்சுட்டு இந்தப் பக்கம் வந்து உக்காந்துக்கிட்டேன். வெங்காயம் உரிச்சுக்கிட்டு இருந்தவ கையைத் தொடைச்சுட்டு எடுத்தா. வெகு நேரம் படிச்சா. நாலு கட்டம் படிக்க அவ்வளவு நேரம் ஆகாதுங்க, ரசிச்சுப் படிச்சிருக்கறா. அப்பறம் பூனைகிட்ட சொன்னா, "சம்பந்தி, நம்ம ஊட்டுப் பேச்சு பேப்பர்ல வந்திருக்குதாட்டம் இருக்குது. ஊர் பூராப் படிப்பாங்களே."

நான் விடுவனா? "படிக்கட்டுமுங்க, நான் என்ன லஞ்சமா வாங்கினேன்?" அப்படீன்னேன் மூக்கால. அடுத்த வாரம் அதுதான் படம். அதுக்கு வந்த கடுதாசி இருக்குதே, ஆபீஸ்ல ஒரு கட்டு கட்டிக் குடுத்தாங்க.

நீங்க எதெல்லாம் பாத்தீங்கன்னு தெரியலை. கண்ணாடி போட்ட பூனை பாத்தீங்களா? அது இப்படித்தான். "சம்பந்தி, ஊசியில நூல் கோக்கத் தெரிய மாட்டீங்குது, ஆராவது கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனாத் தேவலை" அப்படீன்னா. நான் உடனே, "எனக்குக் கூடத்தான் எலி ரெண்டு ரெண்டாத் தெரியுது, நான் வேண்டாமுங்கறேனா?" அப்படீன்னேன். எல்லாரும் சிரிச்சது அந்தக் கடைசிக் கட்டத்துக்குத்தான். ஆஸ்பத்திரிக்குங்களா? அவளே பஸ் ஏறிப் போயிட்டு வந்துட்டாப்ல இருக்குது. ஒரு நாள் பாத்தேன், கண்ணாடி போட்டுக்கிட்டு அரிசி பொறுக்கிக்கிட்டு இருந்தா. நல்லாத்தான் இருந்துச்சு அவளுக்கு.

காலண்டர் படம் ஒண்ணு வந்துச்சே, ஆட்டோவுக்குப் பின்னால எல்லாம் ஒட்டி வெச்சிருந்தாங்க. அது எங்க கல்யாண நாளுங்க. காத்தால தலைக்குத் தண்ணி வாத்து, பட்டுச் சேலை கட்டிக்கிட்டு வந்து நின்னா. "சம்பந்தி, இன்னைக்கு என்ன நாளுன்னு உங்குளுக்காவது ஞாபகம் இருக்குதுங்களா?" எனக்கு ஞாபகம் இருந்துச்சுங்க. இல்லாம என்ன. ஆனா அதை எப்படி எடுத்துச் சொல்றது, கூச்சமா இருக்காதுங்களா? "தெரியுமுங்க, மத்தி மீன்காரன் வார நாளு" அப்படீன்னேன். சிரிச்சா. சிரிச்சாப்லதான் இருந்துச்சு. தோள் குலுங்குச்சு, எனக்கு முதுகுதான தெரிஞ்சுது.

அவளையும் ஊருல நாலு பேருக்குத் தெரிஞ்சுதுன்னா அது என்னாலதானுங்க. ரேசன் கடையில, கோயில்ல, எங்க பாத்தாலும் சம்பந்தியம்மா வாங்கன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. அன்னூருல ஒரு கல்யாணம், எங்க பங்காளி ஊட்டுது. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களை வாங்க வாங்கன்னு பந்தலுக்குள்ள கூட்டிக்கிட்டு வாராங்க, ரெண்டு பக்கமும் சம்பந்திங்க சந்தனம் பூசிக்கறாங்க. இவ ஓரமா நின்னுக்கிட்டிருந்தா. மைக்கைப் புடிச்சுக்கிட்டு நின்ன ஒருத்தன், இவளைப் பாத்துட்டு, "அட, பிள்ளையில்லாத ஊட்டுச் சம்பந்தியும் வந்தாச்சு, அவங்களுக்கும் சந்தனம் குடுங்கப்பா" அப்படீன்னான். பந்தலே சிரிச்சுது. எனக்குப் பெருமை தாங்கலை. அவ சாப்பிடாம பஸ் ஏறிட்டா. அதுல இருந்து கல்யாணம் காச்சிக்கு வாரதில்லை. வயசாகுதில்லீங்களா, கூட்டம் ஒத்துக்கறதில்லை போலிருக்குது.

சேவூர் தாண்டிட்டமுங்களா? இல்லையா. நம்பியூர்தானா. சரி சரி.

அதுக்கப்பறம்தான் கஷ்டம் ஆரம்பிச்சுது. பூனைகிட்டப் பேசறதைக் குறைச்சுட்டா. நான் கூடத்துல பென்சிலும் கையுமா உக்காந்திருந்தா, வாயைத் தொறக்கப் போறவ மூடிக்கிட்டு உள்ள போயிருவா. எனக்கு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்துருதுங்களே. சொந்தமா எழுதிப் பாத்தேன், பழைய ருசி இல்லைன்னு ஆசிரியரு சொல்லிட்டாரு. அப்பறம் பாத்தா, ஊட்டுக்குப் பின்னால பொடக்காளியில துணி துவைக்கற கல்லு மேல பூனையை உக்கார வெச்சுக்கிட்டு மெல்லமாப் பேசிக்கிட்டு இருக்கறா. ஓ, இங்க நடக்குதான்னு நான் பாத்ரூமுக்குள்ள போயி நின்னுக்கிட்டேன். ஜன்னல் வழியா நல்லாக் கேக்கும். எத்தனை விசயம் பேசுனாங்கறீங்க. எங்கம்மா பேசினது, அவங்கப்பன் பேசாதது, எடுத்து வளக்க நினைச்ச அந்தப் பிள்ளைக்கு என்ன பேரு வெச்சிருப்பாங்கறது. சின்னப் பேப்பர்ல குறிச்சுக்குவேன். ரெண்டு மாசத்துக்கு வண்டி ஓடுச்சு. அந்தப் பேரு விசயத்தைக் கூட போட்டேன், பூனை ஒரு எலிக்குப் பேரு வெக்கற மாதிரி மாத்தி.

ஒரு நாள் பென்சில் கீழ விழுந்துருச்சு. சத்தம் கேட்டுத் திரும்பிப் பாத்தா. ஜன்னல்ல நானு. பூனையைத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டா.

பூனைக்கும் வயசாகிப் போச்சுங்க. ஆடிக் காத்து அடிக்கயில சோறு எடுக்கறதை நிறுத்திருச்சு. டாக்டரு ஊசி போட்டாரு, அதும் கேக்கலை. மடியிலயே போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா. நான் இந்தப் பக்கம் என்ற மேசையில. அவ்வளவு நாளா எனக்குக் கேக்கற மாதிரி பேசாதவ, அன்னைக்குப் பேசினா. மெல்லமாத்தான், ஆனா எனக்குக் கேக்கோணுமுன்னே பேசின மாதிரி. "நீங்களும் போயிட்டீங்கன்னா நான் ஆருகிட்டங்க பேசறது, சம்பந்தி?"

மூக்காலப் பேசவும் வரலை, வாயாலப் பேசவும் வரலை. அவ அங்கயே உக்காந்திருக்கறா, பதிலுக்குக் காத்துக்கிட்டு இருக்கற மாதிரி. பதில் சொல்லோணுமில்லீங்களா? எனக்குத் தெரிஞ்ச பதில் நாலு கட்டம்தான். அதுலயே எழுதுனேன். அவ கேட்டதைக் கேட்ட மாதிரியே போட்டு, கடைசிக் கட்டத்துல பூனை சொல்லுது, "அதுக்குத்தான் அப்பவே சொன்னேன், ரெண்டு பூனையா வளத்துங்கன்னு." கண்ணுல தண்ணியோடத்தான் எழுதுனேன், அது உங்களுக்குத் தெரியோணும். அன்னைக்கே அனுப்பிச்சும் போட்டேன். இணைப்புங்கறது முன்கூட்டியே அச்சாகிரும்.

வியாழக்கிழமை பூனை போயிருச்சு. முருங்கை மரத்தடியில அவளே குழி தோண்டி வெச்சா. மம்பட்டியைக் குடுன்னு கை நீட்டினேன், குடுக்கலை. ஞாயித்துக்கிழமை பேப்பர் வந்துச்சு. பக்கத்து ஊட்டுச் சொர்ணம் சிரிச்சுக்கிட்டே எடுத்துக்கிட்டு ஓடியாந்தா, பூனை செத்தது அவளுக்குத் தெரியாது. "ஏனுங்க்கா, உங்க சம்பந்தி என்ன சொல்லுது பாருங்க." வசந்தாமணி கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கிட்டுப் படிச்சா. மடிச்சா. "நல்லா இருக்குது சொர்ணம்" அப்படீன்னு திருப்பிக் குடுத்தா. அவ்வளவுதானுங்க.

மறுநாள் காத்தால பால்காரன் வந்தான். நான் கூடத்துல இருக்கறேன். வாசல்ல நின்னு அவன்கிட்ட சொல்றா, உள்ள கேக்கற மாதிரி, "இன்னைக்கு இருந்து கால் லிட்டர் போதுமுங்க. இந்த ஊட்டுல ஒருத்தருதான்." எந்திரிச்சுப் போறதுக்குள்ள பையை எடுத்துக்கிட்டு கேட்டைத் தாண்டிட்டா. கூப்பிடலாமுன்னுதான் வாயைத் தொறந்தேன். நடுத்தெருவுல பேரைச் சொல்லிக் கத்தினா நல்லாவா இருக்கும், நீங்களே சொல்லுங்க.

ஆடி போயி ஐப்பசியும் வந்துருச்சு. அவ இல்லாத ஊடு ஊடு மாதிரியே இல்லீங்க. கால் லிட்டர் பால் வருது, அதுவும் மீந்து போகுது. கூடத்துல உக்காந்துக்கிட்டு மூக்கால ஏதாவது பேசிப் பாப்பேன், என்ற காதுக்கே அருவருப்பா இருக்கும். அவகூடப் பேசாமயே இத்தனை வருசம் இருந்தனே, அப்பெல்லாம் இப்படி இல்லை. பேசாம இருக்கறதுக்கும் எதுத்தாப்ல ஒரு ஆளு வேணுமுங்க. படமும் வரலை. பழசையே திருப்பித் திருப்பிப் போட்டுக்கிட்டு இருக்கறாங்க. நீங்க போன வாரம் பாத்திருந்தீங்கன்னா அது பழசு.

சரி, பூனை இல்லாததுதான குறைன்னு, டீக்கடைக்காரரு ஊட்டுல குட்டி போட்டிருந்துச்சு, கேட்டு வாங்கினேன். காது கருப்பு இல்லை, ஆனா அதே வெள்ளை. இன்னைக்குக் காத்தால முதல் பஸ்ஸு.

அர்த்தநாரி, வாங்க மாமான்னு கூப்பிட்டு, வாசல்ல சேர் எடுத்துப் போட்டான். அவன் சம்சாரம் காப்பி கொண்டாந்துச்சு. எல்லாரும் நல்லாத்தான் நடத்துனாங்க, குறை சொல்லக் கூடாது. கொஞ்ச நேரம் கழிச்சு உள்ள இருந்து வசந்தாமணி வந்தா. இளைச்சுட்டா. நிலவுகிட்ட, அதுதானுங்க, கதவு நிலைகிட்ட வந்து நின்னா. கூடையைப் பாத்தா. அப்பறம் என்னைப் பாத்தா தம்பி. சுவரைப் பாக்கலை, காலண்டரைப் பாக்கலை. நேரா என்ற மூஞ்சியைப் பாத்துச் சொன்னா.

"ஏனுங்க, பூனையைக் கீழ வெச்சுட்டு எங்கூட ஒரு வார்த்தை பேசுங்க. வா ஊட்டுக்குப் போலாமுன்னு நீங்களாச் சொல்லுங்க. பையைக் கட்டியே வெச்சிருக்கறேன். வந்த நாள்ல இருந்து கட்டித்தான் கெடக்குது. இப்பவே வாரேன்."

எத்தனை வருசம் ஆச்சுங்க அவ என்னை ஏனுங்கன்னு கூப்பிட்டு. ‘வா’ங்கற எழுத்து நாக்கு நுனிக்கு வந்துருச்சு, சத்தியமா வந்துருச்சு. அர்த்தநாரி பாத்துக்கிட்டு நிக்கறான், அவன் சம்சாரம் நிக்குது, பக்கத்து ஊட்டு ஆளு ஒருத்தரு வேலியோரம் நின்னுக்கிட்டாரு. எல்லாரும் என்ற வாயையே பாக்கறாங்க. என்ன பண்றதுன்னு தெரியாம கூடைக்குள்ள கையை விட்டு, குட்டியைத் தூக்கி, மூஞ்சிக்கு நேராப் புடிச்சுக்கிட்டேன்.

"சம்பந்தி வந்து வாசல்லயே நிக்கறேன், உள்ள வாங்கன்னு சொல்ல ஆளில்லீங்களா?" அப்படீன்னேன். மூக்கால.

நல்ல வசனமுங்க. அந்த நேரத்துல அப்படி ஒண்ணு வந்ததே பெரிசு. அர்த்தநாரி சம்சாரம் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சுது, வேலியோரத்து ஆளும் சிரிச்சாரு. நான் குட்டிக்குப் பின்னால இருந்து எட்டிப் பாத்தேன், அவ சிரிக்கறாளான்னு.

சிரிக்கலீங்க. கோவமும் படலை. கோவப்பட்டிருந்தாக் கூட எனக்குத் தெரிஞ்சிருக்கும் என்ன பண்றதுன்னு. உள்ள போயி ஒரு கிண்ணத்துல பால் கொண்டாந்தா. குட்டியை என்ற கையில இருந்து வாங்கி, அது குடிக்கற வரைக்கும் பக்கத்துல குத்தவெச்சு உக்காந்திருந்தா. வாயைத் தொடைச்சு விட்டா. திரும்பக் கூடையில போட்டு, துண்டை இழுத்து நல்லா முடிச்சுப் போட்டா. இந்த முடிச்சு அவ போட்டதுதானுங்க. கூடையை என்ற கால்கிட்ட வெச்சுட்டு உள்ள போயிட்டா.

கதவை எல்லாம் சாத்தலை. வருவாளாக்கும், பையை எடுக்கத்தான் போறாளாக்குமுன்னு உக்காந்திருந்தேன். வெகு நேரமாச்சு. எந்திரிச்சு ஜன்னல் வழியாப் பாத்தேன். கட்டிலு மேல பையைத் தொறந்து வெச்சிருந்தா. உள்ள இருக்கற சேலையை ஒண்ணொண்ணா எடுத்து உதறி, மடிச்சு, அவங்க தம்பி ஊட்டு பீரோவுல அடுக்கிக்கிட்டு இருந்தா. பட்டுச் சேலையை அடியில வெச்சா. பை காலியானதும், அதை நாலா மடிச்சு அட்டாலிப் பரண் மேல போட்டா. திரும்பிப் பாக்கவே இல்லை.

நீங்க ஏனுங்க அப்படிப் பாக்கறீங்க? என்னமோ சொல்ல வாரீங்க, சொல்லுங்க.

இறங்கறதுங்களா? இங்கயா? ஆமாமுங்க, எதுத்தாப்ல கோபி பஸ்ஸு வரும். பொழுதும் இருக்குது. கூடையை நீங்க புடிச்சுக்கறேங்கறீங்க. பெரிய மனசுங்க உங்களுக்கு. போகலாமுங்க, போறதுல என்ன இருக்குது. ஆனா போயி நின்னா, பூனையும் இல்லாம வெறுங்கையோட நின்னா, அவ திரும்பவும் அப்படியே நேராப் பாப்பாளே.

பாருங்க, உங்ககிட்ட இத்தனை நேரம் பேசியிருக்கறேன். ஒரு வார்த்தைக்குத் திக்கலை. ஆருன்னே தெரியாத ஆளுகிட்ட வண்டி வண்டியா வருது. அவளை நினைச்சதும் வாய் ஒட்டிக்குது.

சித்தெ இருங்க, சொல்லிப் பாக்கறேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கங்க. வசந்தாமணி.

இந்தப் பேரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டே எத்தனை வருசம் ஆச்சுங்க. வசந்தாமணி. சொல்லிட்டேன், பாத்தீங்களா. தம்பி, இதுக்கு அடுத்தாப்ல என்னங்க சொல்றது?